குறை மோட்டாரில் இல்லை

வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கிணற்றிலிருந்து கடைசி வரிசை மரங்களுக்கு 400 அடி தூரம். கோடையில் அந்த வரிசையில் மட்டும் குரும்பை கொட்டியது. பைப்பின் முனையில் தண்ணீர் மெலிந்து வந்தது. தோப்புக்காரர் மனைவியின் வளையலை அடகு வைத்து, 1 ஹெச்.பி. மோட்டாரை இறக்கிவிட்டு 2 ஹெச்.பி. மோட்டார் மாட்டினார். தண்ணீர் கொஞ்சம்தான் கூடியது.

பக்கத்து ஊர் பிளம்பர் வந்து பார்த்தார். "அண்ணாச்சி, மோட்டாரு தண்ணிய தள்ளும். அது போறதுக்கு வழி வேண்டாமா?" என்றார். போட்டிருந்தது ஒன்றரை இன்ச் பைப். வழியில் ஏழு எல்போ.

பைப்பின் உள்சுவரில் உரசித்தான் தண்ணீர் ஓடுகிறது. நீளம் இரு மடங்கானால் உரசலில் போகும் அழுத்தமும் இரு மடங்கு. அதே பைப்பில் இரு மடங்கு தண்ணீரைத் தள்ளினால் அந்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. பெரிய மோட்டாரின் பலம் போனது அங்கேதான். ஒன்றரை இன்ச்சுக்குப் பதில் 2 இன்ச் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு இழப்பு கால்வாசியாகக் குறையும். ஒவ்வொரு எல்போவும், பாதி மூடிய வால்வும், உள்ளே படிந்த உப்பும் பாசியும் தண்ணீரைத் தடுக்கும். மேட்டுக்கு ஏற்றினால் அதற்குத் தனியாக அழுத்தம் வேண்டும். ஓடும் பொருளின் தன்மையும் உண்டு: பதநீர் ஓடுகிற குழாயில் கருப்பட்டிப் பாகு ஓடாது. ஜீவாமிர்தத்தை வடிகட்டி விடச் சொல்வது குழாய் அடைக்காமல் இருக்கத்தான்.

தோப்புக்காரர் 2 இன்ச் பைப் போட்டார். முடிந்த இடங்களில் எல்போவை எடுத்துவிட்டு நீள வளைவுள்ள பெண்ட் வைத்தார். பிறகு பழைய 1 ஹெச்.பி. மோட்டாரையே மாட்டி ஓட்டினார். கடைசி மரத்தடியில் குடம் வைத்துப் பார்த்தார். முன்பு நிரம்பிய நேரத்தில் பாதி கூட ஆகவில்லை. கடலோரக் கிணறு, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும் என்பதால், இடைவெளி விட்டே இறைக்கிறார்.

தண்ணீர் குறைந்தால் முதலில் புட்வால்வில் அடைப்பு, இணைப்புகளில் கசிவு, பைப்பின் அளவு, வளைவுகள் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். மோட்டார் கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

கடைசி வரிசையில் இப்போது குரும்பை நிற்கிறது. 2 ஹெச்.பி. மோட்டார் சாக்கு மூடி ஓரமாகக் கிடக்கிறது. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.