ஐயாவின் ஒற்றை அரிவாள்

எங்கள் ஐயாவிடம் இருந்தது ஒரே ஓர் அரிவாள். கொஞ்சம் வானம் பார்த்த புஞ்சை, வைகையில் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்தால் மட்டும் விளைகிற நஞ்சை, பத்துப் பதினைந்து ஆடு, ஒரு பசு. இத்தனைக்கும் அந்த ஒன்றுதான். கதிர் அறுக்கிற கருக்கரிவாளை அறுப்புக்கு வருகிறவர்களே இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிடுவார்கள். வேலிக்குச் சீமைக்கருவேல முள் வெட்டுவது, ஆட்டுக்குத் தழை கழிப்பது, நுங்கு சீவுவது, கரும்புச் சோகை உரிப்பது, பந்தலுக்கு மூங்கில் பிளப்பது, அப்பத்தா கேட்கும்போது தேங்காய் உடைத்துக் கொடுப்பது என்று மற்ற எல்லாம் இதன் தலையில்தான் விடியும்.

தாழ்வாரத்து இறவாணத்தில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. வாய் உள்பக்கம், பிடி வெளிப்பக்கம். சாயங்காலம் காட்டிலிருந்து வந்ததும் ஐயா முகம் கழுவுவதற்கு முன்னால் அதைக் கழுவுவார். வேட்டித் துணியால் ஈரம் ஒற்றி, விரல் நுனியில் விளக்கெண்ணெய் தொட்டு இரண்டு பக்கமும் தடவி, அதே இடத்தில் செருகுவார். வீட்டில் வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. எடுத்தால் அங்கேயே வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்வார்.

அந்த அரிவாள் செய்யப்பட்ட நாளில் நான் கூட இருந்தேன். ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வயது. அப்போது எங்கள் பகுதியெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல். எங்கள் ஊர் ஆசாரி கொழு அடிப்பதிலும் மண்வெட்டி தட்டுவதிலும் கெட்டிக்காரர். ஆனால் வெட்டரிவாள் என்றால் ஐயாவுக்குத் திருப்பாச்சேத்திதான். மதுரையிலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில், திருப்புவனத்துக்கும் மானாமதுரைக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஊர். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் சினிமாச் சண்டைதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. அது எனக்கு வருத்தம். அங்கே அடிக்கிற அரிவாளை நம்பிச் சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

பட்டறை இருட்டாக இருந்தது. வெளிச்சம் நேராக விழுந்தால் இரும்பின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால் அப்படி. வாசலில் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு இரண்டு அரிவாள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கருப்பர் கோயிலுக்கு யாரோ நேர்ந்துகொண்டவை. எனக்கு அவற்றைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஐயா அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்.

ஆசாரி கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலைக்குண்ணே?"

ஐயா வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆசாரி கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டா அடிச்சுக்கங்கண்ணே. முள்ளுக்குக் கனமா ஒண்ணு, தழைக்கு லேசா ஒண்ணு" என்றார்.

"ரெண்டு வேணாம் ஆசாரி. ரெண்டு இருந்தா, வேணுங்கிறது வீட்டுல கெடக்கும், வேணாததுதான் கையில இருக்கும்."

ஆசாரி அதற்கு மேல் பேசவில்லை. மூலையில் கிடந்த லாரிப் பட்டைகளைப் புரட்டினார். ஓடி ஓய்ந்த லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கிற ஸ்பிரிங் பட்டைகள் அவை. ஒவ்வொன்றாக எடுத்து அடைகல்லில் தட்டிக் காது கொடுத்தார். ஒன்றில் மணிச் சத்தம் வந்தது. இன்னொன்றில் சத்தம் பாதியில் செத்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருந்தால் அப்படித்தான் சாகுமாம். சத்தம் நீண்டு ஒலித்த ஒன்றை ஐயா கையில் கொடுத்தார். ஐயா அதைத் தானும் ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

பாரம் தாங்கி வளைந்து, வளைந்தது நிமிர்ந்து, லட்சக்கணக்கான முறை அப்படியே செய்வதற்காக உருக்கப்பட்ட எஃகு அது. நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலே கரி கலந்தது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கரி குறைந்தால் வாய் நிற்காது. கூடினால் முள்மரத்தில் விழுகிற அடி தாங்காமல் நொறுங்கும். ஆசாரிக்கு அந்தக் கணக்கு காதிலேயே இருந்தது.

துருத்தி ஊத ஊத, சீமைக்கருவேலங்கரி கனன்றது. ஆசாரி குறட்டில் பிடித்துத் திருப்ப, அவர் வீட்டம்மா எதிரே நின்று சம்மட்டி இறக்கினார்கள். ஆசாரியின் சின்னச் சுத்தியல் எந்த இடத்தைத் தொடுகிறதோ அதே இடத்தில் சம்மட்டி விழும். பேச்சே கிடையாது. ஐயா கேட்டது ஓர் அரிவாள் என்பதால் அதற்குள்ளேயே இரண்டையும் வைத்தார் ஆசாரி. பிடிப்பக்கம் முதுகு கனம். மூக்குப் பக்கம் போகப் போக மெலிவு. முள்ளின் தூரை வெட்டும்போது அடிவயிற்றால் வெட்ட வேண்டும், தழையை மூக்கால் கொத்தி இழுக்க வேண்டும் என்று ஐயாவின் கையைப் பிடித்தே காட்டினார்.

தோய்ச்சல் போடும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். செக்கச் சிவந்த அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் இறக்கி எடுத்தார்; முதுகு வெளியே கனன்றுகொண்டிருந்தது. எடுத்த கையோடு வாய்ப்பக்கத்தைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கினார். "இப்பப் பாரு தம்பி." முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கியது. வெள்ளை இரும்பில் வைக்கோல் நிறம் படர்ந்து, அது பழுப்பாகி, ஊதா எட்டிப் பார்த்த நொடியில் முழு அரிவாளையும் தொட்டிக்குள் அமுக்கிவிட்டார். வைக்கோல் நிறம் வருவது 230 டிகிரி வாக்கில், ஊதா 280 வாக்கில். முந்தி அமுக்கினால் வாய் பல்லுப் பல்லாகப் பெயரும், பிந்தினால் மடங்கும். அத்தனை வருட உழைப்புக்கும் அந்த ஒரு நொடிதான் பொறுப்பு. அங்கே எந்தக் கருவியும் இல்லை, ஆசாரியின் கண் மட்டும் இருந்தது.

பிடிக்கு நாட்டுக் கருவேல வைரத்தை ஐயாவே கொண்டுபோயிருந்தார். வால்பகுதியைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்கியபோது எழுந்த புகை நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. கோடையில் மரம் சுருங்கிப் பிடி ஆடினால் ஐயா ராத்திரி முழுக்கப் பிடியை மட்டும் தண்ணீர்ச் சட்டியில் ஊறப்போடுவார். காலையில் பூண் இறுகியிருக்கும்.

பட்டாளத்துச் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐயாவின் கடைசிப் பிள்ளை அவர். போன இடத்திலெல்லாம் கத்தி வாங்குவார். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிறவை, எலும்புப் பிடி போட்டவை, ராம்பூரி, ஒரு பிச்சுவா, கூர்க்காக்களின் குக்ரி. விடுமுறைக்கு வந்தால் திண்ணையில் துணி விரித்து வரிசையாக வைப்பார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் கிடப்போம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர், ஒரு கதை இருந்தது. அவர் அவற்றை நேசித்தார், நாங்களும் நேசித்தோம். இன்றைக்கும் எனக்கு அந்தத் துணி விரித்த திண்ணை அருமையான இடம்தான்.

ஓர் ஆயுத பூசைக்குச் சித்தப்பா ஊரில் இருந்தார். மண்வெட்டி, கடப்பாரை, கொழுவோடு ஐயாவின் அரிவாளும் சந்தனம் வாங்கி உட்கார்ந்திருக்க, பக்கத்தில் சித்தப்பாவின் கத்திகள் ஒரு முழு மனையை அடைத்துக்கொண்டன. பூசை முடிந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தபோது ஐயா குக்ரியை எடுத்தார். உறையில் கூடவே இரண்டு குட்டிக் கத்திகள். ஒன்று சில்லறை வேலைக்கு, இன்னொன்று கூரில்லாதது, வாயைச் சீராக்க. சித்தப்பா உற்சாகமாகச் சொன்னார்: "கூர்க்கா வீட்டுல இது ஒண்ணுதாம்ப்பா. விறகும் இதுலதான், கறியும் இதுலதான், காடு வெட்டுறதும் இதுலதான்."

ஐயா அதைத் தூக்கிப் பார்த்தார், முதுகைத் தடவினார், எடை எங்கே நிற்கிறது என்று ஒரு விரலில் வைத்துப் பார்த்தார். "நல்ல சாமான்டா. இதை எதுக்குப் பெட்டிக்குள்ள வச்சிருக்க?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. அந்த ஐப்பசியிலேயே ஒரு ராத்திரி, காற்றும் மழையுமாக அடித்ததில் கொல்லை வாகை முறிந்து ஆட்டுக் கொட்டத்தின் மேல் விழுந்தது. ஆடுகள் கத்தின. விளக்கு நிற்கவில்லை. ஐயா எழுந்த வேகத்தில் இறவாணத்துக்குக் கை நீட்டினார், கையில் பிடி இருந்தது. இருட்டில் துழாவவே இல்லை. அப்பத்தா அரிக்கேன் விளக்கை முந்தானையில் மறைத்துப் பிடிப்பதற்குள் முதல் கிளை விழுந்துவிட்டது. சித்தப்பாவும் குக்ரியோடு வந்து மறுபக்கம் வெட்டினார். வெட்டி வெட்டி இழுத்துப் போட்டு, ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். ஒரு குட்டிதான் போயிற்று.

காலையில் ஐயா அரிவாளின் வாயில் கட்டைவிரலைக் குறுக்கே வைத்து நகர்த்திப் பார்த்தார். ஒரு பல்கூட விழவில்லை. ஓரிடத்தில் மட்டும் லேசாக மடங்கியிருந்தது, கல்லில் பட்டிருக்க வேண்டும். மடங்கலைத் தட்டி நிமிர்த்திவிட்டுக் கிணற்றடிக் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்ட உட்கார்ந்தார். சித்தப்பாவும் குக்ரியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாய் கல்லில் எவ்வளவு சாய வேண்டும் என்று ஐயா அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று முதல் குக்ரி இறவாணத்தில் இருந்தது. மற்றவை பெட்டியிலேயே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

தீட்டித் தீட்டி ஐயாவின் அரிவாள் அகலம் குறைந்தது. நான் கல்லூரிக்குப் போகிற காலத்தில் பாதி அகலம்தான் மிச்சம். முள்ளுக்கு இனி ஆகாது என்று தெரிந்ததும் ஐயா திருப்பாச்சேத்திக்கே எடுத்துப் போனார். பழைய ஆசாரியின் மகன் அதைக் காய்ச்சி, வளைத்து, நுனியில் தேங்காய் துருவப் பல் வெட்டி, அரிவாள்மனைக்கு அலகாக அடித்துக் கொடுத்தார். அப்பத்தா அதில் வாழைப்பூ நறுக்கினாள், சாம்பல் தொட்டு அயிரை மீன் ஆய்ந்தாள். அவளுக்குப் பிறகு அது மானாமதுரையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிற்று. அத்தை மருமகள் சுவரில் காந்தப் பட்டை மாட்டி அதில் வரிசையாகக் கத்திகள் ஒட்டி வைத்திருக்கிறாள். பூசணிக்காயோ பலாக்காயோ வந்தால் மனையைத் தரையில் போட்டுத்தான் உட்காருகிறாள். மாதம் ஒருமுறை தீட்டுவது அத்தை. அந்த வேலையை மட்டும் அவள் இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.