அந்த அம்மா திடீரென்று வரவில்லை

நாலு வருடமாக ஒரு பொய்யைக் காப்பாற்றி வந்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அம்மாவை என் ஸ்கூட்டரால் இடித்துக் கீழே தள்ளினேன். கூட்டம் கூடியபோது, "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க" என்றேன். அவர் குறுக்கே வரவில்லை. இருபது வருடமாக உட்காரும் அதே இடத்தில், பூவுக்குத் தண்ணீர் தெளிக்க எழுந்து நின்றிருந்தார். அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பு எனக்கு மூளையில் ரத்தக்கசிவு. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ரத்த அழுத்த மாத்திரையை நானாகவே நிறுத்தியிருந்தேன். வலப்பக்க மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. உயிர் பிழைத்தேன். இடது கையும் காலும் சில மாதங்களில் ஓரளவு வலுப்பெற்றன. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் எனக்குத் திரும்பவில்லை.

பார்வை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். டாக்டர் இடப்பக்கம் விரலை ஆட்டினால் சரியாகச் சொல்வேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆட்டினால், வலது விரல் மட்டும்தான் ஆடியது என்பேன். மூளையின் வலப்பாதி இரண்டு பக்கத்தையும் கவனித்துக்கொள்ளுமாம். இடப்பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டுமே கவனிக்குமாம். அதனால் வலப்பாதி அடிபட்டால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போகிறது. 'இடப்பக்கப் புறக்கணிப்பு' என்று அதற்குப் பெயர் சொன்னார்.

தட்டில் நாலு இட்லி இருக்கும். வலப்பக்கத்து இரண்டைத் தின்றுவிட்டு, ஏன் குறைத்து வைத்தாய் என்று மனைவியைத் திட்டுவேன். அவள் ஒன்றும் பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். மிச்ச இரண்டும் அப்போதுதான் எனக்குத் தெரியும். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதினேன். முப்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். 'கோவில்' எனக்கு 'வில்' ஆயிற்று. 'அநீதி' என்று அச்சாகியிருந்ததை 'நீதி' என்று உரக்கப் படித்தேன். மகள் திருத்தியபோது அவளிடம் சண்டை போட்டேன்.

அந்த முதல் மாதங்களுக்காக நான் என்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளவில்லை. தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்த நோயில் அடக்கம். கை கால் விழுந்த பிறகும் விழவில்லை என்று சாதித்த நோயாளிகளைப் பார்த்து, பிரான்ஸின் ஜோசப் பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் 1914-லேயே இந்த அறியாமைக்கு ஒரு பெயர் வைத்தார். அந்த மாதங்களில் மனைவியையும் மகளையும் நான் திட்டியது நோயின் பேச்சு. விபத்து நடந்த அன்று பேசியது நான்தான். அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

விபத்துக்கு மூன்று வாரம் முன்பு, இத்தாலிய ஆய்வாளர்கள் பிசியாக், லுட்சாட்டி இருவரும் 1978-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றி மகள் படித்துச் சொன்னாள். என்னைப் போன்ற நோயாளிகளிடம், மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தில் ஆலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டு, சுற்றி இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கத்துக் கட்டடங்களையே சொன்னார்கள். பிறகு ஆலய வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். முதலில் விட்டவற்றை இப்போது சொன்னார்கள். முதலில் சொன்னவை விடுபட்டன. நினைவில் எல்லாமே இருந்தது. மனதுக்குள்ளும் இடப்பக்கம்தான் எட்டவில்லை.

"நம்ம வீட்லேர்ந்து தெருமுனைக்குப் போறதா நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்கப்பா" என்றாள் மகள். மருந்துக்கடை, மாவு மில், தையல்கடை என்றேன். "இப்ப தெருமுனையிலேர்ந்து வீட்டுக்கு வாங்க." பூக்கார அம்மா, ரேஷன் கடை, பிள்ளையார் கோவில் என்றேன். இரண்டையும் ஒரு தாளில் எழுதி என் முன் வைத்தாள். அன்றுதான் எனக்கு முழுசாக விளங்கியது. போகும்போது பூக்கார அம்மா எனக்கு இல்லை. திரும்பும்போது இருக்கிறார்.

இது தெரிந்த பிறகும் வண்டியை எடுத்தேன். பயிற்சி கொடுத்த பெண், புத்தகத்தின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அந்தச் சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் வரியைப் படிக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார். வண்டி ஓட்டவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நம் ஊரில் சாலையின் இடது ஓரமாகத்தான் வண்டி ஓட்டுகிறோம். நடந்து போகிறவர், சைக்கிளில் போகிற பிள்ளை, தரையில் கடை போட்டவர் எல்லோரும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் கடைக்குப் போக ஒருவரைக் கூப்பிட வேண்டியிருப்பது எனக்கு அவமானமாக இருந்தது. மனைவி சந்தைக்குப் போகும்வரை காத்திருந்து சாவியை எடுத்தேன். தன் குறை தெரியாதவன் ஒளித்து எடுக்க மாட்டான்.

"திடீர்னு வந்துட்டாங்க" என்பதில் ஒரு வகை உண்மை இருக்கிறது என்று பல இரவு என்னைத் தேற்றிக்கொண்டேன். என் கண்ணுக்கு அவர் அப்படித்தான் வந்தார். ஏன் அப்படி வந்தார் என்பதை அந்தக் கூட்டத்தில் அறிந்த ஒரே ஆள் நான். அதைச் சொல்லவில்லை. வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டேன், அதற்கு நல்ல பேர்கூட வாங்கினேன்.

எலும்பு இரண்டு மாதத்தில் சேர்ந்துவிட்டது. அவருடைய மகன் மட்டும், "அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல, வண்டி வர்றது தெரியாம குறுக்க போயிடுது" என்று கடையை நிறுத்திவிட்டார். நான் சொன்ன ஒரு வாக்கியம் அவரை வீட்டில் உட்கார வைத்தது. இதையும் மூன்று வருடமாக அறிந்தே இருந்தேன்.

போன மாதம் மனைவியிடம் முதலில் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வாங்க, போவோம்" என்றாள். அந்த அம்மாவின் வீட்டில், மகனையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மகன் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா என்னைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு நான் எத்தனை தடவ சொன்னேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெருவுல வச்சுத்தானே சொன்னீங்க? தெருவுலயே சொல்லுங்க சார்" என்றார்.

மறுநாள் காலை போனேன். மருந்துக்கடையில் சொன்னேன். மாவு மில்லில், தையல்கடையில் சொன்னேன். தெருமுனையில் திரும்பி நின்றுகொண்டு, அடுத்த பக்கத்து வாசல்களில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். யாரும் விட்டுப்போகவில்லை என்று கூட வந்த மனைவி சொன்னாள்.