நந்தியின் முகமும் வயலின் மண்ணும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சுற்றுமதில் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளில் பலவற்றுக்கு இன்று முகமில்லை. திமிலும் முதுகும் தெரிகின்றன. கண்ணும் மூக்கும் இருந்த இடம் மழுங்கி, குழியும் மேடுமாகக் கிடக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் சிறிது தூரம் நடந்து அர்ச்சுனன் தபசின் முன் நின்றால், ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகளை இப்போதும் எண்ணலாம். இரண்டும் பல்லவர் வேலை. இரண்டுக்கும் வயது 1,300 ஆண்டு அளவில் இருக்கும். இரண்டுமே கடினமான கல். ஒன்று ஏன் முகம் இழந்தது, மற்றது ஏன் இழக்கவில்லை?

உப்புதான் காரணம். கடற்காற்றின் ஈரத்தோடு உப்பும் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. வெயில் ஏறியதும் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் உள்ளே தங்கிப் படிகமாக வளர்கிறது. வளரும் படிகம் துளையின் சுவரை நெருக்கித் தள்ளுகிறது. இரவில் ஈரம், பகலில் வெயில் என்று ஆண்டு முழுவதும் இதே வேலை நடக்கக் கல் மணி மணியாகத் தளர்கிறது. தளர்ந்ததைக் காற்றில் பறந்துவரும் மணல் தேய்த்து எடுத்துவிடுகிறது. கடலைவிட்டு விலகி நிற்கும் தபசுப் பாறைக்கு இந்தத் தொல்லை குறைவு.

தொல்லியல் துறை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அலையைத் தடுக்கக் கரையில் கற்களைக் கொட்டியது, காற்றை மறிக்கச் சவுக்கு வளர்த்தது. ஈரக் காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, காய்ந்தபின் உரித்தெடுக்கிறார்கள். கல்லுக்குள் ஊறிய உப்பு கூழோடு வெளியே வருகிறது. பொறுமையும் அக்கறையும் கேட்கிற வேலை அது. அதைச் செய்கிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் நந்தியின் முகத்துக்காக வருந்தும்போதெல்லாம் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. நந்தி தேய்வது நமக்கு இழப்பு. மலை தேய்வதோ நமக்குச் சோறு. பாறை சிதையாமல் இருந்திருந்தால் செங்கல்பட்டுச் சீமையில் ஒரு பிடி மண் இராது, ஒரு நெல்மணியும் விளைந்திராது.

இந்தச் சிதைவை ஊருக்கு நடுவிலேயே பார்க்கலாம். சரிவில் உருண்டுவிடுவதுபோல் நிற்கும் வெண்ணெய் உருண்டைக் கல்லை யாரும் செதுக்கவில்லை. ஏறத்தாழ 250 டன் எடை, ஆறு மீட்டர் உயரம் என்று சொல்லப்படும் அந்தப் பாறை, முன்னொரு காலத்தில் மூலைகளும் விளிம்புகளும் உள்ள பெருந்துண்டாக இருந்திருக்கும். பாறையில் இயல்பாக ஓடும் வெடிப்புகள் அதைத் துண்டாக்கின. வெடிப்பு வழியே மழைநீர் இறங்கியது. பக்கத்தை ஒரு திசையிலிருந்தும், விளிம்பை இரு திசையிலிருந்தும், மூலையை மூன்று திசையிலிருந்தும் நீர் தின்கிறது. ஆகவே மூலைகள் முதலில் போகும், மீதி உருளும். பாறையின் மேல்தோல் வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காகக் கழன்று விழுவதை இந்தக் குன்றின் பல இடங்களில் கையால் தொட்டுப் பார்க்கலாம். சிற்பிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கல்லைத் தட்டி ஓசை கேட்கிறார்கள். சிதைவு ஏறிய கல் மந்தமாக ஒலிக்கும். அதில் உளி வைக்கமாட்டார்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்துப் பாறைக்கு உலகப் பெயரும் உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடந்த கல்லை 1893இல் ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அது பல்லாவரம் பக்கத்துக் கல் என்று கண்டறிந்து, அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பாறை. மேலே இருந்தவை எல்லாம் அரித்துப் போனதால்தான் அது இன்று நம் காலடியில் கிடக்கிறது.

திருக்கழுக்குன்றம் சாலையில் எங்காவது கிணறு தோண்டினால் எட்டிப் பார்க்காமல் நான் கடந்ததில்லை. மேலே இலைமக்கும் வேரும் கலந்த கறுத்த மண், அரை முழம் இருந்தால் அதிகம். அதன் கீழே செம்மண். பிறகு முரம்பு. இன்னும் கீழே, பார்வைக்குப் பாறை. கோடுகளும் வெடிப்புகளும் அப்படியே இருக்கும், ஆனால் கையில் எடுத்தால் பொடிந்துபோகும். அதற்கும் கீழேதான் கடப்பாரையைத் திருப்பியடிக்கும் கெட்டிப் பாறை. கீழிருந்து மேலே பார்த்தால், ஒரு பாறை மண்ணாகிற கதை முழுவதும் அந்தக் குழியின் சுவரில் எழுதியிருக்கும்.

அந்தக் கதையின் நாயகன் மழை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்து, மழைநீர் மெல்லிய அமிலமாகிறது. அது பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. இரும்புள்ள தாதுக்கள் துருப்பிடித்து மண்ணுக்குச் சிவப்பேற்றுகின்றன. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் மசியாமல் மணலாகத் தங்குகிறது. களிமண் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கிறது. மணல் வேருக்கு மூச்சுவிட இடம் தருகிறது. பாசியும் புல்லும் புழுவும் சேர்ந்து அதற்கு உயிர் ஊட்டுகின்றன. ஓர் அங்குலம் சேர நூற்றாண்டுகள் ஆகும். பல்லவர் உளியைக் கீழே வைத்த நாளிலிருந்து இன்றுவரை இந்தக் கருங்கல்லிலிருந்து புதிதாகப் பிறந்த மண் ஒரு சாண்கூட இராது.

இன்று கல்லை உடைத்து எம்-சாண்ட் ஆக்கும் கிரஷர் சில நிமிடங்களில் பாறையை மணல் அளவுக்கு நொறுக்கிவிடுகிறது. ஆற்றுமணலை மிச்சப்படுத்த அது தேவைதான். ஆனால் நொறுங்கிய கல் மண்ணாகாது. அதில் களிமண் பிறக்கவில்லை, எதுவும் மக்கவில்லை. அந்த வேலையைச் செய்ய மழைக்கும் வேருக்கும் காலம் வேண்டும்.

இப்படிச் சேர்ந்த மண்ணை ஐப்பசி மழை ஒரே நாளில் வாரிக்கொண்டு போகிறது. புல்லோ பயிரோ மூடாத சரிவில் மழைத்துளி நேரடியாக விழுந்து மண்கட்டியை உடைக்கும். முதலில் போவது மிக நுண்ணிய பகுதி, அதாவது சத்து தங்கியிருக்கும் களிமண்ணும் மக்கும். முதல் பெருமழையில் சாலையோர ஓடைகளில் ஓடும் செந்நீர் அதுதான்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஓடும் மண் ஏரியில் வண்டலாகப் படியும். கோடையில் ஏரி வற்றியதும் அந்த வண்டலை மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். வயல் இழந்தது வயலுக்கு வந்தது, ஏரியும் ஆழமானது. நீர்ப்பாசன முறையில் இதைவிட நேர்த்தியான கணக்கு எனக்குத் தெரியாது. இன்றோ ஏரியிலிருந்தும் பட்டா நிலங்களிலிருந்தும் எடுக்கும் மண், சவுடு என்ற பெயரில் லாரி லாரியாக மனைகளை மேடாக்கப் போகிறது. கான்கிரீட் தளத்தின் கீழே புதைந்த மண் திரும்பி வராது.

நந்திக்கு மதிலும் வேலியும் காவலரும் உண்டு, இருக்கத்தான் வேண்டும். அதைவிடப் பன்மடங்கு வயதுள்ள மேல்மண்ணுக்கு நாம்தான் காவல். நிலம் வைத்திருப்பவர்கள் ஐப்பசிக்கு முன் சரிவுக்குக் குறுக்கே வரப்பை உயர்த்துங்கள். அறுவடை முடிந்த நிலத்தை வெறுமையாக விடாதீர்கள். கொள்ளோ தக்கைப்பூண்டோ தெளித்துவிடுங்கள். ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கிடைத்தால் வயலுக்கு எடுங்கள். வீடு கட்டுகிறவர்கள் மனையை மேடாக்க இடித்த கட்டடத்தின் கல்லையும் செங்கலையும் கொட்டிக்கொள்ளலாம். அதற்கு அது போதும், வயலுக்கு அது உதவாது.