தோழியர்க்கு ஒரு பங்கு

மறைந்தாரை நினைத்து அழுதல் இயல்பு. அவர்தம் வாழ்வை வாழ்த்துதல் கடமை. போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகக் கூறுகின்றது. இறுதி நிலை புலம்பலாக அமையாமல் வாழ்த்தாக அமைந்திருப்பது எண்ணி எண்ணி உவக்கத்தக்கது.

எம் அன்னையார் வஃபாத்தானபின், அவர் வாழ்வை எங்ஙனம் போற்றுவது என்னும் வினா எம் இல்லத்தில் எழுந்தது. "ஊரை அழைத்து, நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, விருந்து வைப்போம்" என்றார் எம் தமையனார். "மார்க்கத்தில் இல்லாததைச் செய்யலாகாது காக்கா" என்றார் இளவல். இருவர் சொல்லிலும் இருந்தது தாயன்பே. ஆயினும் பேச்சு முற்றியது. இருவரும் ஒரே சஹனில் அமர்ந்து உண்ணும் வழக்கமும் நின்றுபோயிற்று. பெற்றவளைப் போற்றப் புகுந்து பிள்ளைகள் பிரிவதோ என யாம் கலங்கினோம்.

அவ்வேளை அண்ணல் நபிகளாரின் வாழ்வே எமக்கு வழிகாட்டியது. கி.பி. 619-இல் கதீஜா நாயகியார் மறைந்தார். அபூதாலிபும் அவ்வாண்டே மறைந்தமையால் அது துயர ஆண்டு எனப் பெயர் பெற்றது. ஆயின் நபிகளார் துயரோடு நின்றுவிடவில்லை. பின்னாளில் ஆடு அறுத்து, அதன் இறைச்சியைப் பங்கிட்டுக் கதீஜாவின் தோழியர்க்கு அனுப்பிவைப்பார்கள் என்று அன்னை ஆயிஷா அறிவித்த செய்தி புகாரி நூலில் உள்ளது. மேடையில்லை, புகழுரையில்லை, மறைந்தவரின் அன்பு எவ்வெவ் வீடுகளுக்குச் சென்றதோ, அவ்வீடுகளுக்கே ஒரு பங்கு சென்றது. இதனை யாம் எடுத்துரைத்தபோது தமையனார்க்கு விருந்தும், இளவலுக்கு நபிவழியும் ஒருங்கே கிடைத்தன.

எம் உம்மாவின் தோழியர் யாவர்? விடை, அவர்தம் பெட்டியில் இருந்த பழைய நோட்டில் கிடைத்தது. தமிழை அரபு எழுத்தால் எழுதும் அரபுத்தமிழில் எழுதப்பட்டிருந்தமையால் எம் லாத்தாவே அதனைப் படித்துச் சொன்னார். நோன்புக் கஞ்சி அனுப்பிய வீடுகளின் பட்டியல் அது. பதினொரு பெயர்கள், அவற்றுள் நான்கு, எம் சமயத்தவர் அல்லாதார் பெயர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இறைச்சி சமைத்து, தூக்குச்சட்டிகளில் நிறைத்து, நாங்களே எடுத்துச் சென்றோம். புலால் உண்ணாத வீட்டிற்குப் பழம் கொண்டு சென்றோம். ஒவ்வொரு வீட்டிலும் சிறிது நேரம் அமர்ந்து, "உம்மாவைப் பற்றி ஒரு செய்தி சொல்லுங்கள்" என்று வேண்டினோம். கூடை முடையும் மூதாட்டி ஒருவர், "உங்க உம்மா எனக்குக் கடன் கொடுத்ததே இல்ல தம்பி; நான் வாய்திறந்து கேக்கறதுக்கு முன்னாடியே கொடுத்துடுவாங்க" என்றார். எம் தமையனார் தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளவல் அவர் கையிலிருந்த சட்டியைத் தாம் வாங்கிக்கொண்டார். அன்றிரவு இருவரும் மீண்டும் ஒரே சஹனில் உண்டனர்.

தாய்க்காக நன்மக்கள் கேட்கும் துஆ ஒருபுறம் இருக்க, அவர் நட்பைப் பேணுதலும் மக்கள் கடனேயாகும். ஆதலின் மாணவச் செல்வங்களே, உங்கள் தாயின் தோழியர் யாவர் என்பதை அவர் வாழும் நாளிலேயே, அவர் வாயாலேயே கேட்டறிந்து கொள்ளுங்கள். எல்லா இல்லங்களிலும் நோட்டு இருப்பதில்லை.