கழுத்து ரிப் யாருக்கு?

பனியன் கம்பெனியில் ஓரவஞ்சனையைப் பார்க்க வேண்டுமானால், காலையில் எந்த பண்டில் எந்த மெஷினுக்குப் போகிறது என்று பாருங்கள். டி-சர்ட்டுக்கு சைடு அடிப்பது நேரான ஓட்டம். கழுத்து ரிப் வைப்பது பாடு. கழுத்தளவைவிடச் சிறிதாக வெட்டிய ரிப்பை ஒரே சீராக இழுத்துப் பிடித்து வட்டமாக ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் இழுப்பு கூடினால் கழுத்து அலையடிக்கும், பீஸ் ஆல்டருக்குத் திரும்பும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அது சனிக்கிழமைக் கூலியில் விழும் ஓட்டை.

திருப்பூரில் பிசிறு வெட்டும் ஹெல்பராக நுழைந்து, ஓவர்லாக் பழகி, லைன் சூப்பர்வைசர் ஆனவள் நான். ஆண் சூப்பர்வைசர் தன் ஊர்ப் பையனுக்கு நல்ல பண்டிலைத் தள்ளினால், "வேலை தெரிஞ்சவன், குடுக்கறார்" என்பார்கள். அதே பண்டில் ஒரு பெண்ணுக்குப் போனால் டீ நேரத்துக்குள் கதை கட்டிவிடுவார்கள். நான் கொடுத்தால், "பொம்பளைக்குப் பொம்பளை." எப்படியானாலும் அவள் கைவேலை கணக்கில் வராது.

வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். பாலியல் தொல்லையோடு சேர்ந்து வரும் "உனக்கு நல்ல வேலை தர்றேன்" என்ற பேச்சை, ஜாடையாகச் சொன்னாலும், பாலியல் தொல்லையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தச் சட்டம். நல்லது. ஆனால் ஊர்க்காரன், சொந்தக்காரன் என்று நகரும் பண்டிலை எந்தக் குழுவிடம் சொல்வது?

அதனால் யாருக்கு எந்த ஆபரேஷன் என்று லைன் முகப்பில் போர்டில் எழுதிவிடுகிறேன். பக்கத்திலேயே ஆல்டர் கணக்கு. பர்மிஷனுக்கு ஒரே நோட்டு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கேட்கும் பெண்ணின் அரைமணி சலுகையாகத் தெரிகிறது. பீடிக்கு வெளியே போகும் ஆண்களின் அரைமணியை யாரும் எண்ணுவதில்லை, அவர்கள் கேட்பதே இல்லையே.

"ஏனக்கா, நல்லா தெச்சா கழுத்தே எந்தலையிலயா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயம். அதனால் கழுத்தை வாரம் ஒருவருக்கு மாற்றுகிறேன். ஷிப்மென்ட் நெருக்கினால் மட்டும் மாற்றமில்லை, தேர்ந்த கையைத்தான் உட்கார வைப்பேன். அந்த வாரம் அவளுக்கு ரேட்டில் சில பைசா கூட்டச் சொல்லி முதலாளியிடம் நிற்பேன். பாதித் தடவை கிடைக்கும்.