பல் வேரைச் சுற்றி ஒரு கோடு
எக்ஸ்ரே அறையில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். எடுத்த படங்களில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒரு தாடைப் படம் மட்டும் மறக்கவில்லை.

நாற்பது வயதுப் பெண்மணி. கீழ்த்தாடையின் முன்பக்கம் வீக்கம். வலி அதிகமில்லை, பற்கள்தான் இடம் விலகியிருந்தன. முழுத் தாடையையும் விரித்துக் காட்டும் ஓ.பி.ஜி. எடுத்தேன். எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு குழி, நடுக்கோட்டையும் தாண்டிப் போயிருந்தது. உள்ளே நூல் போல மெல்லிய தடுப்புகள், ஓரம் அலை அலையாக. வாய்க்குள் வைத்து எடுத்த சின்ன பிலிம் ஒரே மங்கலாக வந்தது. டெவலப்பர் பழசாகிவிட்டது என்று நினைத்து, புதிதாகக் கலந்து மறுபடி எடுத்தேன். அதுவும் அப்படியேதான் வந்தது. விட்டுவிட்டேன்.

பயாப்ஸியில் 'ஜயண்ட் செல்' கட்டி என்று வந்தது. பெயர்தான் பயமுறுத்தும், புற்றுநோய் இல்லை. இரண்டு பல்லோடு சேர்த்துச் சுரண்டி எடுத்தார்கள்.

ஒன்றரை வருஷத்தில் அதே அம்மா திரும்பி வந்தார். "அண்ணே, மறுபடியும் வீங்கிருச்சுண்ணே." இந்த முறை மேல்தாடையிலும் ஒன்று.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த பல் டாக்டரம்மா பழைய பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வேரைச் சுற்றி வெள்ளைக் கோடு எங்கே சார்?" என்றார். லாமினா டியூரா என்பார்கள், பென்சிலால் வரைந்தது போல இருக்கும். ஒரு பல்லுக்கு மட்டும் அது இல்லையென்றால் அந்தப் பல்லில் கோளாறு. எல்லாப் பல்லுக்கும் இல்லையென்றால் வேறெங்கோ தேட வேண்டும். அந்த அம்மாவுக்கு இரண்டு முறை கிட்னியில் கல் வந்திருந்தது. ரத்தத்தில் கால்சியம் கூடுதல். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று பருத்து, எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. அதனால் வருவதுதான் 'பிரவுன் டியூமர்'. மைக்ராஸ்கோப்பில் மற்றதைப் போலவேதான் தெரியும். எனவே பயாப்ஸி எழுதியவர் மேல் தப்பில்லை. மங்கல் படத்தை இரண்டு முறை கையில் வைத்திருந்தவன் நான். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கழுத்தில்தான் ஆபரேஷன் செய்தார்கள். தாடையைத் தொடவே இல்லை. குழி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து நிரம்பியது. போன இரண்டு பல் போனதுதான்.

அடுத்த வருஷம் எடுத்த சின்ன பிலிமை இருட்டறையில் நானே கழுவினேன். ஈரம் காயுமுன் விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வேரைச் சுற்றி, மெல்லிசாக, அந்தக் கோடு.