வேலைநாளிலும் ஒரு பந்தி

இல்லறத்தில் சமையல் என்பது வயிற்றை நிரப்பும் அலுவல் மட்டுமன்று. ஒரு வீட்டார் எப்போது உண்கிறார்கள், யாரோடு உண்கிறார்கள் என்பதைக் கொண்டே அந்த வீட்டின் நிலையைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். திருநாளும் திருமணமும் நம்மைத் தாமாகவே ஒரு பந்தியில் அமர்த்திவிடுகின்றன. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில், வேலையால் களைத்த உடம்போடு, வீட்டார் அனைவரும் ஒரே மேசையில் அமர்வது அரிது. அந்த அரிய காரியத்திற்கு எங்கள் வீட்டில் துணைநின்ற எளிய மீன் சமையல் ஒன்றைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். கடல் கடந்து வாழ்வோருக்கும், தாயகத்தில் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் இல்லங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

நாங்கள் 1988 ஆம் ஆண்டு நோர்வேக்கு வந்தோம். அக்காலத்தில் வந்த இலங்கைத் தமிழர் பலரைப்போல நாங்களும் அந்நாட்டின் வடகரையில் மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தோம். சில ஆண்டுகளுக்குப் பின் தெற்கே ஒரு நகரத்தில் குடியேறினோம். பிள்ளைகள் இருவரும் நோர்வேயிலேயே பிறந்தவர்கள். 2001 ஆம் ஆண்டு எங்கள் தாயார் குருநகரிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். மூத்தவளுக்கு அப்போது பதினொரு வயது. இளையவனுக்கு எட்டு வயது.

எங்களில் ஒருவர் முதியோர் இல்லத்தில் காலைப் பணி முடித்து மாலை நாலேகால் மணிக்கு வீடு திரும்புவார். மற்றவர் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்காக ஐந்தேகால் மணிக்குப் புறப்பட வேண்டும். பிள்ளைகளுக்கோ பள்ளியும் விளையாட்டும் வீட்டுப்பாடமும். ஆகவே ஒவ்வொருவரும் தமக்கு வாய்த்த நேரத்தில் குளிர்ப்பெட்டியைத் திறந்து, கிடைத்ததைச் சூடாக்கி, நின்றபடியே உண்டு போவது வழக்கமாயிற்று. தாயார் மட்டும் மேசையில் தனியே அமர்ந்திருப்பார். மாரிக்காலத்தில் நாலு மணிக்கே வெளியே இருண்டுவிடும் நாடு அது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். அவருக்கு நோர்வே மொழி ஒரு சொல்லும் விளங்காது. ஒரே கூரையின் கீழ் இருந்தும், அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் பேசிக்கொள்ள ஓர் இடமில்லாமல் இருந்தது.

நாலேகாலுக்கும் ஐந்தேகாலுக்கும் இடையில் உள்ள அந்த ஒரு மணி நேரமே எங்களிடம் இருந்தது. நோர்வே மக்கள் தம் முக்கிய உணவை மாலை நாலு, ஐந்து மணியளவிலேயே உண்பவர்கள். ஆதலால் நேரம் பிள்ளைகளுக்கும் பொருந்தியது. ஆனால் ஆட்டிறைச்சிக் கறி வைக்க ஒரு மணி நேரம் போதாது. இருபது நிமிடத்தில் முடியக்கூடிய சமையல் வேண்டும்; காரம் தாங்காத சிறுவனும், காரமில்லாமல் உண்ணாத முதியவரும் ஒருங்கே விரும்பக்கூடியதாகவும் அஃது இருத்தல் வேண்டும். இத்தேவையே எங்களைச் சல்மன் மீனிடம் கொண்டுசென்றது.

நோர்வே மொழியில் இம்மீனை 'லக்ஸ்' என்பர். 1970 ஆம் ஆண்டு ஹித்ரா என்னும் தீவில் இரு சகோதரர்கள் கடலில் மிதக்கும் வலைக்கூடுகளில் இம்மீனை வெற்றிகரமாக வளர்த்துக் காட்டினார்கள். அதன்பின் இத்தொழில் பெருகி, ஒரு காலத்தில் விருந்துக்குரியதாயிருந்த மீன் வேலைநாளுக்கும் உரியதாயிற்று. முள் நீக்கி, தோலோடு வெட்டிய துண்டுகள் உறைநிலையில் பொதிகளாக விற்கப்படுகின்றன. முதல்நாள் இரவே பொதியைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் மறுநாள் மாலைக்குள் பதமாகிவிடும்.

மீன் விரைவில் வேகுவதற்குக் காரணம் உண்டு. நிலத்தில் நடக்கும் விலங்கு தன் உடற்பாரத்தைத் தானே தாங்க வேண்டியிருப்பதால் அதன் தசையில் வலிய இணைப்பிழையம் மிகுதி. அது இளகுவதற்கு நீண்ட நேரம் பிடிக்கும். மீனையோ தண்ணீர் தாங்குகிறது. அதன் தசை குறுகிய நார்களால் ஆனது. அவற்றை இணைக்கும் மெல்லிய சவ்வு சிறிய சூட்டிலேயே கரைந்து, சதை இதழ் இதழாகப் பிரிகிறது. எனவே மீனைப் பொறுத்தவரையில் நேரக்குறைவு ஒரு குறையன்று, அதுவே முறை.

இனி, சமைக்கும் விதத்தைக் கூறுவோம். ஐவருக்கு, ஒவ்வொன்றும் 150 கிராம் அளவான ஐந்து துண்டுகள் போதும். சோயா சோஸ் நான்கு மேசைக்கரண்டி, தேன் இரண்டு மேசைக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, நசுக்கிய உள்ளி இரண்டு பல் ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் கலந்து வைக்க வேண்டும். சோயா சோஸில் உப்பு உண்டு. ஆதலால் மீனுக்குத் தனியே உப்பு இடத் தேவையில்லை. வீட்டுக்குள் நுழைந்தவுடன் சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, மீன் துண்டுகளின் ஈரத்தைத் துணியாலோ தாளாலோ நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் மீன் பொரியாது, அவியும்.

தட்டையான தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நடுத்தரச் சூட்டில், தோல்பக்கம் கீழாக மீனை வைத்து ஐந்து நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். தோல் மொறுமொறுப்பானதும் தானே தாச்சியிலிருந்து விடுபடும். பின்னர் திருப்பி இரண்டு மூன்று நிமிடம் வாட்டித் தட்டில் எடுத்து வைக்கலாம். இஃது ஓர் அங்குலக் கனமுள்ள துண்டுகளுக்கான கணக்கு. பக்கங்களில் வெண்மையாக ஏதேனும் கசிந்தால் அஞ்ச வேண்டாம். அது சூட்டினால் உறைந்த புரதமே. மிகுதியாகக் கசிந்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள். வெப்பமானி உள்ளவர்கள் துண்டின் நடுப்பகுதியில் 63 பாகை செல்சியஸ் வந்துவிட்டதா என்று பார்க்கலாம். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டி மீனுக்குக் கூறும் அளவு அது. சிறுவரும் முதியவரும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் அதைக் கைக்கொள்வதே நன்று.

மீனை எடுத்த பின்னரே, அதே தாச்சியில் கலவையை ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் மீன் வேகுமுன் தேன் கருகிக் கசந்துவிடும். இரண்டு நிமிடத்தில் சிறு குமிழிகள் பெருங்குமிழிகளாகி, பாகு கரண்டியில் ஒட்டும் பதத்திற்கு வரும். அப்போது மீனை மீண்டும் இட்டு, பாகை அள்ளி அள்ளி மேலே வார்த்தால் துண்டுகள் எண்ணெய் பூசிய தேக்குப் பலகைபோல மினுங்கும். ஜப்பானியர் இம்முறையைத் 'தெரியாக்கி' என்பர். 'தெரி' என்பது பளபளப்பையும், 'யாக்கி' என்பது வாட்டுதலையும் குறிக்கும்.

பக்கத்துணையாக, மெல்லிதாக அரிந்த வெள்ளரிக்காயில் வினாகிரி, சிறிது சீனி, உப்பு சேர்த்துப் பிசறி வைத்தோம். இது நோர்வே வீடுகளில் சல்மனோடு வழக்கமாக உண்ணப்படுவது. நாலு முப்பத்தைந்துக்கு எல்லாம் மேசையில் இருக்கும். ஐந்து பத்து வரையில் எவரும் எழுவதில்லை என்பது நாங்கள் வகுத்த ஒரே சட்டம்.

சட்டம் வகுப்பது எளிது. தாயாரை இணங்கவைப்பது எளிதாயில்லை. அவர் குருநகர்க் கடற்கரையில் வளர்ந்தவர். செவுளைத் தூக்கிப் பாராமல், கண்ணை உற்றுப் பாராமல் ஒரு மீனையும் வாங்கி அறியாதவர். பொதிக்குள் இருந்த துண்டைப் பார்த்து, “தலையில்லாத மீனின்ரை வயசை ஆர் சொல்லுறது?” என்றார். அதன் செம்மஞ்சள் நிறத்தைக் கண்டு, “மீனுக்கும் சாயம் போடுறாங்களோ?” என்று கேட்டார். இறாலைச் சிவக்கவைக்கும் அதே நிறப்பொருள்தான் இம்மீனுக்கும் நிறந்தருகிறது. ஆற்றிலும் கடலிலும் தானாக வாழும் சல்மன் அதனை இறாலினச் சிற்றுயிர்களைத் தின்று பெறுகிறது. வளர்ப்பு மீனுக்குத் தீனியில் கலந்து கொடுக்கிறார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அது கிடக்கட்டும். மீனுக்கு ஆரும் தேன் விடுவினமோ?” என்றார்.

மீனுக்கு இனிப்பு புதிதன்று. உப்பும் சீனியும் சோயிக்கீரையைப் போன்ற ஒரு தழையும் தடவிச் சல்மனைப் பதப்படுத்தும் 'கிராவ்லக்ஸ்' என்னும் உணவு வடநாட்டாரிடம் நெடுங்காலமாக உண்டு. நம் மீன்குழம்பில் விடும் முதற்பாலுக்கும், அதில் வதங்கும் வெங்காயத்துக்கும் இனிப்பு இல்லையா? புளிப்பும் உறைப்பும் உரக்கப் பேசுவதால் அந்த இனிப்பின் குரல் நமக்குக் கேட்பதில்லை. ஆயினும் நாங்கள் தாயாரோடு வாதாடவில்லை. அவர் பங்குக்கு இடித்த மிளகும் செத்தல்மிளகாயும் தூவிக் கொடுத்தோம்.

மூன்றாம் கிழமை அவரே குசினிக்குள் வந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டிக் குட்டான் ஒன்றைப் பிரித்து, தேன் போத்தலை அப்பால் தள்ளிவைத்தார். 50 கிராம் பனங்கட்டியைச் சீவி, நான்கு மேசைக்கரண்டி சுடுநீரில் கரைத்து, அதில் ஒரு மேசைக்கரண்டி பழப்புளிக் கரைசல், மூன்று மேசைக்கரண்டி சோயா சோஸ், இஞ்சி, உள்ளி, ஒரு தேக்கரண்டி மிளகு எல்லாம் சேர்த்துப் பாகு காய்ச்சினார். தேனில் இல்லாத ஒரு புகைவாசமும் ஆழமும் அதில் இருந்தன. இளையவன் விரலால் தாச்சியை வழித்து நக்கிவிட்டு, “அம்மம்மா, இது என்ன?” என்று தமிழிலேயே கேட்டான். அன்று அவன் பனையையும் பதநீரையும் ஓலையையும் பற்றிக் கேட்டறிந்தான். அவருடைய பேச்சில் பாதியை நாங்கள் மொழிபெயர்த்தோம். மறுபாதியைக் கைகள் விளக்கின. அன்றுமுதல் அந்த முப்பத்தைந்து நிமிடம் அவர்களுக்கு உரியதாயிற்று.

அந்த ஆண்டின் கடைசி மாதத்தில் ஒரு மாலை. மூத்தவள் பள்ளியில் படித்ததைச் சொன்னாள். சல்மன் ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகிறது. ஆண்டுகள் கழித்து, மணத்தைக் கொண்டு வழியறிந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிறது என்றாள். தாயார் நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “உங்கடை அம்மப்பாவும் கடலுக்குத்தான் போனவர், குஞ்சு” என்று தொடங்கினார். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் வடகரையையும் தாக்கியது. அதற்கு முன் கடலுக்குப் போன அவருடைய கணவர் திரும்பவில்லை. எத்தனை நாள் கரையில் நின்றார், எந்த வள்ளத்தின் பலகை எங்கே ஒதுங்கியது, கைக்குழந்தையை யார் வைத்திருந்தார் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அந்தக் கைக்குழந்தை எங்களில் ஒருவர். முப்பத்தேழு ஆண்டுகளாக அவர் எங்களிடம் சொல்லாத கதை அது. கேட்கும் துணிவும் எங்களுக்கு இருந்ததில்லை. பேத்தி ஒரு மீனைப் பற்றிச் சொன்னதால் அவர் வாய்திறந்தார். அன்று ஐந்தேகால் மணிக்குப் புறப்பட வேண்டியவர் புறப்படவில்லை. வேலைத்தலத்துக்குத் தொலைபேசியில் அறிவித்துவிட்டு மேசையிலேயே இருந்தார்.

தாயார் 2012 இல் காலமானார். பிள்ளைகள் இப்போது வேறு வேறு நகரங்களில் தத்தம் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். இருவர் வீட்டுக் குசினியிலும் பனங்கட்டி உண்டு. வேலைநாள் ஒன்றில் இம்மீனைச் சமைக்கும்போது, பாகு எந்தப் பதத்தில் இறக்குவது என்று இன்றும் எங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதுண்டு. விடை அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கும் அது தெரியும்.

தாயகத்து வாசகர்களுக்குச் சல்மன் கிடைக்காவிட்டால் அறக்குளாத் துண்டே போதும். அதில் கொழுப்புக் குறைவாதலால் ஒரு நிமிடம் முந்தியே அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். மீன் எதுவாயினும் முறை ஒன்றே: ஈரத்தை ஒற்றுங்கள், பொறுமையாய் வாட்டுங்கள், பாகைக் கடைசியில் ஊற்றுங்கள். சமையலில் மிச்சம்பிடித்த நேரத்தை வேறு அலுவலுக்குக் கொடுத்துவிடாமல் மேசைக்கே கொடுங்கள். கிழமையில் ஒருநாள் போதும். வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் சொல்லாமல் வைத்திருக்கும் கதை, யாரும் அவசரப்படாத ஒரு சாப்பாட்டு வேளைக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.